டிசிபி நெரிசல் கட்டுப்பாடு

டிசிபி நெரிசல் கட்டுப்பாடு என்பது, இணையத்தில் தரவு அனுப்பும் கணினி, இடையிலுள்ள பிணையத்தின் நிலையைத் தானே கணித்து, அதற்கேற்பத் தனது அனுப்பும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் முறை ஆகும். சூழல் மாறும்போது தம்மைத் தாமே மாற்றிக்கொள்ளும் மென்பொருள் அமைப்புகளுள் மிகப் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளவற்றில் இதுவும் ஒன்று. கைபேசி, மடிக்கணினி, வழங்கி என இணையத்தோடு இணையும் ஏறத்தாழ எல்லாக் கருவிகளின் இயங்குதளத்திலும் இது அடங்கியுள்ளது. ஆயினும் இதற்கென்று ஒரு திரையோ பொத்தானோ இல்லாமையால், பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் இப்படி ஒன்று இருப்பதை அறிவதில்லை.

பிணையத்தின் நடுவில் இருந்துகொண்டு எல்லோருக்கும் வேகத்தைப் பங்கிட்டுத் தரும் மையக் கட்டுப்பாட்டாளர் எவரும் இணையத்தில் இல்லை. ஒவ்வொரு கணினியும், தான் அனுப்பிய பொதிகளுக்கு ஒப்புகை வருகின்றதா, வந்தால் எவ்வளவு நேரத்தில் வருகின்றது என்னும் இரண்டு செய்திகளை மட்டுமே வைத்துக்கொண்டு முடிவெடுக்கின்றது. கோடிக்கணக்கான கணினிகள் ஒன்றையொன்று அறியாமல் எடுக்கும் இம்முடிவுகளால்தான் இணையம் திணறி நின்றுவிடாமல் இயங்குகின்றது.

நெரிசல் ஏற்படும் விதம்

இணையத்தில் தரவு, பொதிகள் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்பப்படுகின்றது. ஒரு பொதியின் அளவு பெரும்பாலும் 1500 பைட்டுகளுக்கு மிகாது. வழியிலுள்ள திசைவிகள் ஒவ்வொரு பொதியையும் பெற்று அடுத்த தடத்தில் செலுத்துகின்றன. 100 மெகாபிட் வேகத்தில் ஒரு திசைவிக்குள் நுழையும் பொதிகள் 10 மெகாபிட் வேகமே உள்ள தடத்தின் வழியாக வெளியேற வேண்டியிருந்தால், எஞ்சியவை திசைவியின் இடையகம் எனப்படும் தற்காலிக நினைவிடத்தில் வரிசையில் நிற்கின்றன. வரிசை நீள நீளப் பொதிகளின் தாமதம் கூடுகின்றது. இடையகம் நிரம்பிவிட்டால், அதன் பின் வரும் பொதிகள் கைவிடப்படுகின்றன. கைவிடப்பட்டதை அனுப்புநருக்கு எவரும் தெரிவிப்பதில்லை. ஒப்புகை வராததைக் கொண்டு அவரே ஊகித்தறிய வேண்டும்.

டிசிபியில் அனுப்புநர், ஒப்புகைக்குக் காத்திராமல் ஒரே நேரத்தில் வழியில் விடக்கூடிய தரவின் அளவு சாளரம் எனப்படுகின்றது. சாளரத்தின் அளவைப் பொதி சென்று ஒப்புகை திரும்பும் நேரத்தால் வகுத்தால் கிடைப்பதே அனுப்பும் வேகம். எடுத்துக்காட்டாக, 1500 பைட்டு அளவுள்ள 20 பொதிகள் சாளரமாகவும், சென்றுவரும் நேரம் 100 மில்லிநொடியாகவும் இருந்தால் வேகம் நொடிக்கு 2.4 மெகாபிட் ஆகும். எனவே வேகத்தைக் கட்டுப்படுத்துவது என்பது நடைமுறையில் சாளரத்தைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதுமே.

இங்கு இரண்டு சாளரங்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. பெறுநர் தன்னிடம் எவ்வளவு இடம் உள்ளது என்று அறிவிப்பது பெறுநர் சாளரம். இது டிசிபியின் தொடக்க வரையறையிலேயே உள்ளது. பிணையம் எவ்வளவு தாங்கும் என்று அனுப்புநர் தானே மதிப்பிட்டு வைத்துக்கொள்வது நெரிசல் சாளரம். இது பின்னாளில் சேர்க்கப்பட்டது. இரண்டில் எது சிறியதோ அதுவே நடைமுறைக்கு வரும்.

1986 ஆம் ஆண்டின் சரிவு

விண்ட் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோர் 1974 இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்து உருவான டிசிபி, 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793 என்னும் ஆவணமாக வரையறுக்கப்பட்டது. 1983 சனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் முழுவதும் இதற்கு மாறியது. அந்த வரையறையில் பெறுநரை மூழ்கடிக்காமல் இருக்க வழி இருந்ததேயன்றி, இடையிலுள்ள பிணையத்தை மூழ்கடிக்காமல் இருக்க வழி இருக்கவில்லை.

இந்தக் குறையை முதலில் எழுத்தில் சுட்டியவர் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் நேகல் ஆவார். 1984 சனவரியில் வெளியான ஆர்எஃப்சி 896 இல் அவர் "நெரிசல் சரிவு" என்னும் நிலையை விளக்கினார். வரிசை திடீரென நீளும்போது சென்றுவரும் நேரம், அனுப்புநர் கணித்து வைத்திருந்த காத்திருப்பு எல்லையைத் தாண்டிவிடுகின்றது. பொதி தொலையவில்லை, வரிசையில்தான் நிற்கின்றது. ஆனால் அனுப்புநர் அது தொலைந்ததாகக் கருதி இன்னொரு படியை அனுப்புகின்றார். அந்தப் படியும் அதே வரிசையில் நிற்கின்றது. இவ்வாறு திசைவிகளின் இடையகங்கள் ஒரே பொதியின் பல படிகளால் நிரம்புகின்றன. தடம் முழு வேகத்தில் இயங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் பயனுள்ள தரவு மிகச் சிறிதளவே போய்ச் சேரும். ஒருமுறை இந்நிலைக்குச் சென்றுவிட்டால் பிணையம் தானாக மீளாது என்பதுதான் நேகல் கூறியவற்றுள் மிகவும் அச்சுறுத்துவது.

இது நடந்தே விட்டது. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் உள்ள லாரன்சு பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கும் இடையிலான தரவு வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டில் இருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. இரு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 400 கசம். நொடிக்கு 40 பிட் என்பது நொடிக்கு 5 எழுத்துகள். ஒரு தட்டச்சாளர் அடிக்கும் வேகத்தை ஒத்தது. தாளில் எழுதி ஒருவர் கையில் கொடுத்து நடந்து அனுப்பியிருந்தால் விரைவாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அதன் பின் இத்தகைய சரிவுகள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன.

ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தில் பிஎஸ்டி யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிவந்த மைக்கேல் கேரல்ஸ் ஆகிய இருவரும் இதன் காரணத்தை ஆராய்ந்தனர். குறை கம்பிகளிலோ திசைவிகளிலோ இல்லை, இரு முனைகளிலும் உள்ள டிசிபி மென்பொருளின் நடத்தையில்தான் உள்ளது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஜேக்கப்சனின் கட்டுரை 1988 இல் சிக்காம் மாநாட்டில் வெளியாயிற்று. கணினிப் பிணையத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் இதுவும் ஒன்று.

ஜேக்கப்சன் முன்வைத்த முறைகள்

ஜேக்கப்சனின் அடிப்படைக் கருத்து பொதிகளின் காப்பு என்பதாகும். பிணையம் நிறைந்துள்ள நிலையில், ஒரு பொதி வெளியேறிய பின்னரே இன்னொரு பொதி உள்ளே விடப்பட வேண்டும். நிரம்பிய பேருந்தில் ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம் என்பதைப் போன்றது இது. ஒரு பொதி வெளியேறியதை அனுப்புநர் எவ்வாறு அறிவது? ஒப்புகை வருவதே அதற்கு அடையாளம். வழியிலுள்ள மிகக் குறுகிய தடம் எந்த இடைவெளியில் பொதிகளை விடுகின்றதோ, அதே இடைவெளியில் ஒப்புகைகள் திரும்பி வருகின்றன. ஆகவே ஒப்புகை வரும்போதெல்லாம் ஒரு பொதியை அனுப்பினால், அனுப்பும் வேகம் அத்தடத்தின் வேகத்துக்குத் தானாகவே ஒத்துவிடும். தனியாகக் கடிகாரம் எதுவும் தேவையில்லை.

ஆனால் தொடக்கத்தில் வழியில் பொதிகளே இல்லாதபோது ஒப்புகைகளும் வாரா. இதற்கான தீர்வே மெதுவான தொடக்கம். பழைய மென்பொருள் இணைப்பு ஏற்பட்டவுடன் பெறுநர் சாளரம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டியது. புதிய முறையில் நெரிசல் சாளரம் ஒரு பொதியில் தொடங்கி, ஒவ்வோர் ஒப்புகைக்கும் ஒன்று கூடுகின்றது. அதாவது ஒவ்வொரு சென்றுவரும் நேரத்துக்கும் 1, 2, 4, 8 என இரட்டிக்கின்றது. பத்துச் சுற்றுகளில் சாளரம் 1024 பொதிகளை எட்டிவிடும் என்பதால், பெயரில் உள்ள மெதுமை செயலில் இல்லை. ஜேக்கப்சன் முதலில் இதற்கு வேறு பெயர் இட்டிருந்தார். இப்போது வழங்கும் பெயர் நேகல் பரிந்துரைத்தது.

தொடக்கச் சாளரத்தின் அளவு பின்னர் படிப்படியாகக் கூட்டப்பட்டு, 2013 இல் ஆர்எஃப்சி 6928 வழியாக 10 பொதிகள் வரை அனுமதிக்கப்பட்டது. இது சிறிய மாற்றம் போலத் தோன்றினாலும் வலைப்பக்கங்களைப் பொறுத்தவரை முக்கியமானது. ஏறத்தாழ 60 கிலோபைட்டு அளவுள்ள ஒரு பக்கம் 42 பொதிகள் ஆகும். ஒன்றில் தொடங்கினால் ஆறு சுற்றுகளும், பத்தில் தொடங்கினால் மூன்று சுற்றுகளும் தேவைப்படும்.

அடுத்தது காத்திருப்பு எல்லை. எத்தனை நேரம் ஒப்புகை வராவிட்டால் பொதி தொலைந்ததாகக் கொள்வது என்பதைப் பழைய வரையறை, சராசரிச் சென்றுவரும் நேரத்தை 1.3 முதல் 2 வரையிலான ஒரு நிலையான எண்ணால் பெருக்கிக் கணித்தது. பிணையத்தில் சுமை ஏறும்போது சராசரி மட்டுமன்றி ஏற்றத்தாழ்வும் பெருகும் என்பதை அது கருதவில்லை. ஜேக்கப்சன் ஏற்றத்தாழ்வையும் அளந்தார். புதிய அளவீடு ஒவ்வொன்றும் சராசரியில் எட்டில் ஒரு பங்கும், சராசரி விலகலில் நான்கில் ஒரு பங்கும் சேர்க்கப்படுகின்றது. சராசரியோடு விலகலின் நான்கு மடங்கைக் கூட்டினால் வருவதே காத்திருப்பு எல்லை. எட்டு, நான்கு ஆகிய எண்கள் இரண்டின் அடுக்குகள் என்பதால் அக்காலக் கணினிகள் வகுத்தல் இன்றிப் பிட்டுகளை நகர்த்தியே இதைக் கணித்துவிட முடிந்தது. எல்லை கடந்து மறுபடியும் அனுப்ப நேர்ந்தால், ஒவ்வொரு முறையும் எல்லை இரட்டிக்கப்படுகின்றது. மறுபடி அனுப்பப்பட்ட பொதிக்கு வரும் ஒப்புகை முதற்படிக்கு உரியதா இரண்டாம் படிக்கு உரியதா என்று பிரித்தறிய முடியாது. எனவே அதனைக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது ஃபில் கார்ன் வகுத்த விதி.

இம்மாற்றங்கள் 1988 இல் 4.3பிஎஸ்டி டாஹோ வெளியீட்டில் இடம்பெற்றன. 1989 அக்டோபரில் ஆர்எஃப்சி 1122, இணையத்தில் இணையும் எல்லாக் கணினிகளும் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றது. வழியிலிருந்த ஒரு திசைவியைக்கூட மாற்றாமல், முனைகளில் இருந்த மென்பொருளை மட்டும் திருத்தி ஒரு பிணையம் முழுவதும் மீட்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

கூட்டி ஏற்றுதலும் வகுத்து இறக்குதலும்

மெதுவான தொடக்கம் முடிந்த பின்னர் டிசிபி இன்னொரு முறைக்கு மாறுகின்றது. இழப்பு இல்லாதவரை ஒவ்வொரு சுற்றுக்கும் சாளரம் ஒரு பொதி கூடுகின்றது; இழப்பு தெரிந்தவுடன் பாதியாகக் குறைகின்றது. காலத்துக்கு எதிராக வரைந்தால் சாளரத்தின் அளவு இரம்பத்தின் பற்களைப் போலத் தோன்றும்.

ஏற்றும்போது கூட்டுவதும் இறக்கும்போது வகுப்பதும் ஏன்? ஏனைய சேர்க்கைகள் ஏன் ஆகா? இதற்கான கணித விளக்கத்தை தா-மிங் சியு, ராஜ் ஜெயின் ஆகியோர் 1989 இல் அளித்தனர். 100 பொதிகளைத் தாங்கும் ஒரு தடத்தை இருவர் பகிர்வதாகக் கொள்வோம். முதலாமவர் 80, இரண்டாமவர் 20. தடம் நிரம்பி இருவருக்கும் இழப்பு ஏற்பட, முறையே 40, 10 எனப் பாதியாகின்றனர். மீதமுள்ள 50 இடங்களை இருவரும் சமமாகக் கூட்டி நிரப்பும்போது 65, 35 ஆகின்றனர். மீண்டும் பாதியாகி நிரம்பினால் 57.5, 42.5. அதற்கடுத்து 53.75, 46.25. இருவருக்கும் இடையிலான வேறுபாடு 60, 30, 15, 7.5 எனச் சுருங்கிக்கொண்டே போகின்றது. ஒருவர் இருப்பதை மற்றவர் அறியாமலேயே சமபங்கை நோக்கி நகர்கின்றனர்.

மாறாக, ஏற்றுவதையும் பெருக்கல் முறையில் செய்தால் 80க்கு 20 என்னும் விகிதம் என்றும் மாறாது. இறக்குவதைக் கழித்தல் முறையில் செய்தால் 60 என்னும் வேறுபாடு அப்படியே நிற்கும். முந்திக்கொண்டவர் முன்னிலையிலேயே இருப்பார். பின்னால் வந்தவருக்கு எப்போதும் மிச்சமே கிடைக்கும். எனவே இது வெறும் வேகக் கணக்கன்று, பங்கீட்டுக் கணக்கும் ஆகும். கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் பிராங்க் கெல்லியும் உடன் ஆய்வாளர்களும் 1998 இல் இதனை மேலும் பொதுமைப்படுத்தினர். இவ்வகைக் கட்டுப்பாடுகளைப் பிணையம் முழுவதற்குமான ஓர் உகப்பாக்கக் கணக்கைக் கணினிகள் பலவாகப் பிரித்துத் தீர்க்கும் முறையாகக் காண முடியும் என்று அவர்கள் காட்டினர்.

பிற்கால வகைகள்

டாஹோவில் ஒவ்வோர் இழப்புக்குப் பின்னும் சாளரம் ஒன்றுக்கே இறங்கியது. 1990 இல் வெளியான ரீனோ, ஒரே ஒப்புகை மூன்று முறை திரும்பத் திரும்ப வருவதை மென்மையான இழப்பாகக் கருதி, பாதியில் இருந்தே தொடர்ந்தது. ஒப்புகைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன என்றால் பிணையம் முற்றிலும் அடைபடவில்லை என்பது இதன் தருக்கம். எந்தெந்தப் பொதிகள் வந்தன என்று பெறுநர் தனித்தனியே தெரிவிக்கும் வசதி 1996 இலும், ரீனோவின் திருத்தமான நியூரீனோ 1999 இலும் ஆவணமாயின.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஊகம் ஒன்று உண்டு: பொதி தொலைந்தால் நெரிசல், தொலையாவிட்டால் நெரிசல் இல்லை. இந்த ஊகம் கம்பிவழிப் பிணையங்களில் பெரிதும் பொருந்தியது. கம்பியற்ற பிணையங்களில் அது பிழைக்கின்றது. வானொலி அலையின் இரைச்சலால் ஒரு பொதி சிதைந்தாலும், டிசிபி அதை நெரிசல் என்றே கருதித் தன் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ளும். வழி காலியாக இருக்கும்போதே வாகனம் நின்று நின்று செல்வதைப் போன்றது இது. சென்னை ஐஐடியில் இளநிலைப் பட்டம் பெற்ற ஹரி பாலகிருஷ்ணன், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது பிறருடன் சேர்ந்து 1995 இல் ஸ்னூப் என்னும் தீர்வை முன்வைத்தார். அதில் கம்பியற்ற தளநிலையமே பொதிகளின் படிகளை வைத்திருந்து, தொலைந்தவற்றை அனுப்புநர் அறியாமல் மீண்டும் அனுப்புகின்றது. இன்றைய கைபேசிப் பிணையங்களும் வைஃபையும் இதே நோக்கில் தமது அடுக்கிலேயே மறுபடி அனுப்பும் வசதியைக் கொண்டுள்ளன.

மிக வேகமான நெடுந்தொலைவுத் தடங்களில் சிக்கல் வேறு. நொடிக்கு 10 கிகாபிட் வேகமும் 100 மில்லிநொடிச் சென்றுவரும் நேரமும் உள்ள தடத்தை நிரப்பச் சாளரம் 83,333 பொதிகளாக இருக்க வேண்டும். ஒரேயொரு பொதி தொலைந்தால் அது பாதியாகிவிடும். பின்னர் சுற்றுக்கு ஒன்றாகக் கூட்டிப் பழைய அளவை எட்ட ஏறத்தாழ 70 நிமிடங்கள் ஆகும். சாலி ஃபிளாய்டு 2003 இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 3649 இல், இந்த வேகத்தைத் தக்கவைக்க 500 கோடிப் பொதிகளுக்கு ஒருமுறைக்கு மேல் நெரிசல் நேரக்கூடாது என்று கணக்கிட்டார். நடைமுறையில் எந்தத் தடத்திலும் அப்படி எதிர்பார்ப்பதற்கில்லை.

இதற்கு மிகவும் நிலைத்த தீர்வாக அமைந்தது கியூபிக். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இன்ஜோங் ரீ, சங்தே ஹா, லிசாங் சூ ஆகியோரின் பணியில் இருந்து வந்த இது, 2006 இல் லினக்ஸ் 2.6.19 கருனியின் இயல்பான முறையாயிற்று. கியூபிக்கில் சாளரத்தின் வளர்ச்சி, கடைசி இழப்புக்குப் பின் கடந்த நேரத்தின் மும்மடிச் சார்பாக உள்ளது. இழப்பின்போது சாளரம் 70 விழுக்காட்டிற்கு இறங்கி, முதலில் விரைவாக ஏறி, முன்பு இழப்பு நேர்ந்த அளவை நெருங்கும்போது தயங்கி, அதைத் தாண்டிவிட்டால் மீண்டும் விரைகின்றது. முன்பு எங்கே இடறியது என்பதை நினைவில் வைத்து நடப்பது போன்ற இந்நடத்தையே இதன் சிறப்பு. லினக்ஸ், விண்டோஸ், ஆப்பிள் இயங்குதளங்களில் இயல்பான முறையாகப் பரவிய பின், 2023 இல் ஆர்எஃப்சி 9438 இதனைத் தர நெறிமுறையாக ஏற்றது.

இடையக வீக்கம்

நினைவகச் சில்லுகளின் விலை குறைந்தபோது, திசைவிகளையும் மோடங்களையும் செய்தவர்கள் இடையகங்களைப் பெரிதாக்கினர். பொதி தொலையாமல் இருப்பது நல்லதுதானே என்பது அவர்களது எண்ணம். இழப்பையே அறிகுறியாகக் கொண்ட டிசிபிக்கு இதுவே கேடாக முடிந்தது. இடையகம் நிரம்பி வழியும்வரை அனுப்புநருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைப்பதில்லை. எனவே அவர் அதை நிரப்பியே தீருவார்.

நொடிக்கு 1 மெகாபிட் மேலேற்ற வேகமுள்ள ஒரு வீட்டு இணைப்பில் 256 கிலோபைட்டு இடையகம் இருப்பதாகக் கொள்வோம். அது நிறைந்திருக்கும்போது புதிதாக வரும் பொதி வெளியேற இரண்டு நொடிகளுக்கு மேல் ஆகும். ஒருவர் படங்களைப் பதிவேற்றிக்கொண்டிருந்தால், அதே வீட்டில் இணையவழியாகப் பேசும் இன்னொருவரின் குரல் இரண்டு நொடி தாமதித்தே மறுமுனையில் கேட்கும். வேகச் சோதனையில் எண்கள் சரியாகவே இருக்கும், ஆனால் இணைப்பைப் பயன்படுத்த முடியாது. இணைய வேகம் போதவில்லை என்று கருதி மக்கள் கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறும் பல தறுவாய்களில் உண்மைக் காரணம் இதுவாக இருப்பதுண்டு.

பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜிம் கெட்டிஸ் 2010 இல் தம் வீட்டு இணைப்பில் இதனைக் கண்டு, இடையக வீக்கம் என்று பொருள்படும் பெயரால் பரவலாக அறியச் செய்தார். திசைவியே வரிசையை மேலாண்மை செய்து, நிரம்பும் முன்னரே சில பொதிகளைக் கைவிட வேண்டும் என்னும் கருத்து புதிதன்று. ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1993 இல் ரெட் என்னும் முறையை அதற்காகவே வகுத்தனர். ஆனால் அதன் அளவுருக்களை ஒவ்வொரு தடத்துக்கும் ஏற்பச் சரியாக அமைப்பது கடினமாக இருந்ததால், அது பரவலாக இயக்கப்படவில்லை. 2012 இல் கேத்லீன் நிக்கோல்சும் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல், வரிசையின் நீளத்தை அளக்காமல் பொதி வரிசையில் நின்ற நேரத்தை அளக்கின்றது. 100 மில்லிநொடிக் காலம் முழுவதும் அந்நேரம் ஒருமுறைகூட 5 மில்லிநொடிக்குக் கீழே வராவிட்டால் பொதிகளைக் கைவிடத் தொடங்கும். தடத்தின் வேகத்தைப் பற்றி நிருவாகி எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பதால், பராமரிப்போர் இல்லாத வீட்டுத் திசைவிகளுக்கு இது ஏற்றது.

பொதியைக் கைவிடாமலேயே அதன் தலைப்பகுதியில் உள்ள இரு பிட்டுகளில் நெரிசல் என்று குறித்தனுப்பும் முறையும் உண்டு. இது 2001 இல் ஆர்எஃப்சி 3168 ஆக வரையறுக்கப்பட்டது. சில பழைய கருவிகள் இப்பிட்டுகளைக் கண்டவுடன் இணைப்பையே மறுத்ததால், இது பரவப் பல்லாண்டுகள் ஆயின.

இழப்பை நோக்காத முறைகள்

அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் 1994 இல் உருவான வேகாஸ், இழப்பு வரை காத்திராமல் தாமதம் கூடுவதைக் கண்டே வேகத்தைக் குறைத்தது. தனியாக இயங்கும்போது அது மிக நன்றாக இயங்கியது. ஆனால் அதே தடத்தில் ரீனோவும் இருந்தால், வேகாஸ் ஒதுங்க ஒதுங்க ரீனோ அவ்விடத்தை நிரப்பிவிடும். பண்புடன் நடப்பவருக்குக் குறைவாகக் கிடைக்கும் இந்நிலையே தாமதம் சார்ந்த முறைகள் நெடுங்காலம் பரவாமைக்குக் காரணம். இக்குணத்தையே பயனாக்கிக்கொண்டது 2012 இல் ஆர்எஃப்சி 6817 ஆன லெட்பேட். பின்னணியில் நடக்கும் கோப்புப் பகிர்வு ஏனைய பயன்பாடுகளுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பதற்காகவே அது வகுக்கப்பட்டது.

2016 இல் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஐவர் பிபிஆர் என்னும் முறையை வெளியிட்டனர். அவர்களுள் ஜேக்கப்சனும் ஒருவர். பிபிஆர், தடத்தின் உயர்ந்தபட்ச வேகம், வரிசையே இல்லாதபோது சென்றுவரும் நேரம் ஆகிய இரண்டையும் தனித்தனியே அளந்து, இரண்டின் பெருக்கத்துக்கு ஏற்ற அளவில் பொதிகளை வழியில் வைக்க முயல்கின்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்க முடியாது: வேகத்தை அறிய வரிசை உருவாகும் அளவுக்கு அனுப்ப வேண்டும், தாமதத்தை அறிய வரிசையைக் காலி செய்ய வேண்டும். எனவே அது அவ்வப்போது வேகத்தை 25 விழுக்காடு கூட்டியும், உடனே 25 விழுக்காடு குறைத்தும், ஏறத்தாழ 10 நொடிக்கு ஒருமுறை நான்கு பொதிகள் அளவுக்கு இறங்கியும் பார்க்கின்றது. கூகுள் தேடல், யூடியூப் ஆகியவற்றில் இது பயன்படுத்தப்பட்டது. சிறிய இடையகமுள்ள தடங்களில் முதற்பதிப்பு ஏராளமான பொதிகளை இழக்கச் செய்து, உடன் செல்லும் கியூபிக் இணைப்புகளை நெருக்குகின்றது என்று பிற ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். 2019 இலும் 2023 இலும் வந்த அடுத்த பதிப்புகள் இதைக் குறைக்க முயன்றன.

கடைப்பிடிப்போரும் மீறுவோரும்

டிசிபியின் பங்கீடு இணைப்புகளுக்கு இடையிலானதே அன்றி மனிதர்களுக்கு இடையிலானதன்று. 10 மெகாபிட் தடத்தில் ஒருவர் ஓர் இணைப்பும் இன்னொருவர் ஒன்பது இணைப்புகளும் திறந்தால், முதலாமவருக்கு 1 மெகாபிட்டும் இரண்டாமவருக்கு 9 மெகாபிட்டும் கிடைக்கும். பதிவிறக்க முடுக்கிகள் என்று விற்கப்பட்ட மென்பொருட்கள் பலவற்றின் கமுக்கம் இவ்வளவே. அருகிலுள்ள வழங்கியோடு பேசுபவர் தொலைவில் உள்ள வழங்கியோடு பேசுபவரைவிட விரைவாகச் சாளரத்தை ஏற்றுவதும் ரீனோவின் பழைய குறை.

பெறுநரும் ஏமாற்றலாம். வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் இசுடீபன் சாவேச் முதலானோர் 1999 இல், ஒரே பொதிக்குப் பல ஒப்புகைகள் அனுப்பியும், இன்னும் வராத பொதிக்கு முன்கூட்டியே ஒப்புகை அனுப்பியும் தொலைவிலுள்ள வழங்கியை வரம்பு மீறி விரையச் செய்யலாம் என்று செய்து காட்டினர். அதே ஆண்டில் ஃபிளாய்டும் கெவின் ஃபாலும், கட்டுப்பாடற்ற ஒளித, ஒலித ஓடைகள் பெருகினால் 1986 ஐப் போன்ற சரிவு வேறு வடிவில் திரும்பலாம் என்று எச்சரித்தனர். அப்படி நிகழவில்லை. நிகழ்படங்கள் பெரும்பாலும் டிசிபியின் மேல் அமைந்த வலை நெறிமுறை வழியாகவே வழங்கப்பட்டது இதற்கு ஒரு காரணம்.

நெரிசல் கட்டுப்பாடு நெடுங்காலம் இயங்குதளத்தின் கருனிக்குள் இருந்தமையால், அதை மாற்றுவோர் தொகை குறைவாக இருந்தது. 2021 இல் ஆர்எஃப்சி 9000 ஆக வரையறுக்கப்பட்ட குவிக் நெறிமுறையில் இது பயன்பாட்டு மென்பொருளுக்குள்ளேயே வந்துவிட்டது. பெரிய வழங்கித் தொகுதிகளை வைத்திருக்கும் ஒரு நிறுவனம், தான் விரும்பும் விதியை ஒரே இரவில் உலகெங்கும் நடைமுறைக்குக் கொண்டுவர முடியும். விதியை எழுதுவோர் தடத்தைப் பகிரும் பிறரிடம் கேட்கத் தேவையில்லை என்பது முன்பும் உண்மைதான்; ஆனால் முன்பு மாற்றங்கள் பரவ ஆண்டுகள் ஆனதால் பிறர் அளந்து பார்க்க நேரம் இருந்தது.

தன்தகவமைப்பு அமைப்பு என்ற நிலையில்

ஐபிஎம் நிறுவனம் 2001 இல் தன்னாளுகைக் கணிமை என்னும் கருத்தை முன்வைத்தது. மனித உடலின் தானியங்கு நரம்பு மண்டலத்தைப் போல, கணினி அமைப்புகள் தம்மைத் தாமே பேண வேண்டும் என்பது அதன் சாரம். 2003 இல் செஃப்ரி கெப்பார்ட், டேவிட் செஸ் ஆகியோர் எழுதிய கட்டுரையால் பரவிய மாதிரியின்படி, இத்தகைய அமைப்பு கண்காணித்தல், பகுத்தாய்தல், திட்டமிடல், செயற்படுத்தல் என்னும் நான்கையும் ஒரு வளையமாகச் செய்கின்றது. ஒப்புகைகளை அளத்தல், நெரிசலா என்று முடிவு செய்தல், புதிய சாளரத்தைக் கணித்தல், அதன்படி அனுப்புதல் எனப் பார்த்தால், அப்பெயர் வழக்கிற்கு வருவதற்கு 13 ஆண்டுகள் முன்பே டாஹோ அவ்வளையத்தைக் கொண்டிருந்தது. சராசரியும் விலகலும் அதன் சிறிய அறிவுத்தளம்.

எனினும் டிசிபி மாற்றிக்கொள்வது தன் வேகத்தை மட்டுமே. எப்படி மாற்றுவது என்னும் விதியை அல்ல. அவ்விதியையும் இயந்திரமே கண்டுபிடிக்க இயலுமா என்பதை கீத் வின்ஸ்டீன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய இருவரும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ந்து, 2013 இல் ரெமி என்னும் நிரலை வெளியிட்டனர். பிணையத்தைப் பற்றிய ஊகங்களையும் அடைய வேண்டிய இலக்கையும் கொடுத்தால், ரெமி பாவனைப் பிணையங்களில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்து ஒரு விதித்தொகுதியை உருவாக்கித் தரும். பாவனைச் சோதனைகளில் அவ்விதிகள் மனிதர் வகுத்த கியூபிக் முதலிய முறைகளைப் பல இடங்களில் விஞ்சின. ஊகித்த வரம்புக்கு வெளியே உள்ள பிணையங்களில் அவற்றின் செயல்திறன் வீழ்ந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் நூற்றுக்கு மேற்பட்ட விதிகள் இருந்தன. அவை ஏன் அவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சியு, ஜெயின் ஆகியோரின் எண்கணக்கைப் போல ஒரு தாளில் எழுதி விளக்க, அவற்றை உருவாக்கியவர்களாலும் இயலவில்லை.